எல்லார் வீட்டிலும் ஒரு வெங்காயப் பட்டறை

தெரிந்த ஒரு விஷயத்தை வெளியில் சொல்லாமல் வைத்திருப்பதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். அது எனக்குக் கிடையாது. சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு வியாதி என்று ஒப்புக்கொண்டால் யாராவது மாத்திரையாவது எழுதித் தருவார்களா என்று பார்க்கிறேன்.

பெரம்பலூரில் உரக்கடை வைத்திருக்கிறேன். கருகிப்போன வெங்காயத் தாளோடு ஒருவர் கடைக்கு வந்து நின்றால், என்ன நோய், என்ன மருந்து, காலையில் அடிப்பதா சாயங்காலம் அடிப்பதா என்று எல்லாவற்றையும் விளக்குவேன். அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. அதே மருந்து எந்தக் கடையில் விலை குறைவாகக் கிடைக்கும் என்பதையும் வாய் சொல்லிவிடும். அவரும் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு அந்தக் கடைக்குப் போவார். (அந்தக் கடைக்காரர் தீபாவளிக்கு எனக்கு இனிப்பு அனுப்புகிறார். பெரிய பாக்ஸ்.) அறிவைப் பகிர்ந்தால் பெருகும் என்று செல்போனில் கோட்டு சூட்டு போட்டுப் பேசுகிறார்கள் அல்லவா, அவர்களில் யாராவது பெரம்பலூர் பக்கம் வந்தால் என்னிடம் அழைத்து வாருங்கள். எனக்குப் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

இந்த வியாதி முற்றிப்போய் என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட நாள் ஒன்று உண்டு. அரியலூரில் ஒரு சிமெண்ட் ஃபேக்டரியில் எனக்கு இன்டர்வியூ நடந்த நாள்.

அப்போது நான் பி.காம். முடித்துவிட்டு வாலிகண்டபுரத்தில் வீட்டோடு கிடந்தேன். அப்பா சின்ன வெங்காயம் போடுகிறவர். நட்டவுடன் வர வேண்டிய மழை பிடுங்கும்போது வரும். பிடுங்கிப் பத்திரப்படுத்தினால் விலை படுத்துக்கொள்ளும். இதிலேயே முடி நரைத்துப் போன மனிதருக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. "ஒண்ணாந்தேதியானா மழைக்கும் வெயிலுக்கும் பயப்படாம வர்ற சம்பளம் ஒண்ணு இந்த வூட்டுக்குள்ள வரணும்டா. சிமெண்டு ஃபேக்டரியில நம்ம புள்ள ஒண்ணு இருக்குன்னு நான் சொல்லணும்" என்பார். தங்கை கலைக்கு வரன் பார்க்கிற இடத்தில் எல்லாம் "பையன் என்ன பண்றாரு?" என்று கேட்பார்களாம். அப்பா செருப்பைத் தேடுவது போல் குனிந்துகொள்வாராம். இந்த இன்டர்வியூவும் ஊத்திக்கொண்டால் இனிமேல் பஸ் செலவுக்குக் காசு கிடையாது, வெங்காயக் காடுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

வேலை ஸ்டோர்ஸில். அந்த ஃபேக்டரிக்கு லோடு அடிக்கும் எங்கள் ஊர் லாரி டிரைவர் துரை அண்ணன் முதல் நாளே வந்து ரகசியம் சொன்னார். "அந்தப் பெரிய சார் எல்லார்கிட்டயும் ஒரே கேள்விதான் கேப்பாரு. மழைக்காலத்துல மூட்டை கெடாம எப்படி வச்சிருப்பன்னு. அதுக்கு ஒழுங்கா சொல்லிட்டா வேலை ஒனக்குத்தான். வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாத."

கேள்வியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கா பயந்தோம்? சிமெண்டுக்கும் வெங்காயத்துக்கும் ஒரே எதிரி ஈரம்தானே! எங்கள் பக்கம் அறுவடை செய்த சின்ன வெங்காயத்தை நல்ல விலை வரும்வரை பட்டறையில் போட்டு வைப்போம். தரையில் படாமல் கல் வைத்து உயர்த்தி, அதன் மேல் குச்சி பரப்பி, பக்கவாட்டில் காற்றுப் போகப் படல் கட்டி, மேலே தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டுவோம். சிமெண்ட் மூட்டையையும் அப்படித்தானே வைக்க வேண்டும்? தரையில் பலகை போட வேண்டும். சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். முதலில் வந்தது முதலில் வெளியே போக வேண்டும். பழைய சரக்கு உள்ளே தங்கினால் கட்டி தட்டிப் போகும்.

இதோடு வைத்துக்கொள்ள என்னிடம் ஒரு கதையும் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு ஐப்பசி அடைமழையில் எங்கள் பட்டறைத் தார்ப்பாய் நழுவி ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர் இறங்கிவிட்டது. அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மாதான் நடுவில் உட்கார்ந்து, கூடை கூடையாக முகர்ந்து பார்த்து, அழுகியது வேறு நல்லது வேறாகப் பிரித்தாள். அப்புறம் பல நாள் அவளுக்குச் சோற்று வாசனையே தெரியவில்லை. அந்த வருஷம் எங்களுக்குச் சோறு போட்டது அம்மாவின் மூக்கு. இதைச் சொன்னால் எந்த அதிகாரியும் எழுந்து வந்து கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். (கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.)

காலையில் கிளம்பும்போது அப்பா பஸ் ஸ்டாப் வரை வந்தார். என் வியாதி அவருக்குத் தெரியும். பஸ் ஏறும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"அங்க போயி வாத்தியார் வேலை பாக்காத."

"சரிப்பா."

பெரம்பலூரில் மாறி அரியலூர் பஸ்ஸைப் பிடித்தேன். அதுவரை நான் உத்தமன்.

ஃபேக்டரியில் ஒரு நீளமான அறையில் எங்களை உட்கார வைத்தார்கள். நாற்காலி எல்லாம் நிறைந்திருந்தது. பேர் வரிசை எதுவும் கிடையாது, வாசல் பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக உள்ளே போகலாம் என்று அங்கிருந்த கிளார்க் சொன்னார். நான் வாசலிலிருந்து இரண்டாவது நாற்காலியைப் பிடித்திருந்தேன். முதல் ஆளாக என் பக்கத்தில் ஒரு ஒல்லிப் பையன் உட்கார்ந்திருந்தான்.  சட்டையில் கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது.

"அண்ணே, நான் விக்கிரமங்கலம். பேரு குமரேசன். உள்ள என்னண்ணே கேப்பாங்க?"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் "தெரியலீங்க" என்று சொல்லியிருப்பான். அவ்வளவுதான் வேலை. நானும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! என்னை யாரும் அப்படி மரியாதையாகப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"மழைக்காலத்துல மூட்டைய எப்படி வைப்பன்னு கேப்பாங்க தம்பி" என்றேன்.

அவன் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். பலகை, சுவர், தார்ப்பாய், பழையது முதலில் வெளியே என்று எல்லாவற்றையும் கொட்டினேன். நான் சொல்லச் சொல்லப் பின்வரிசைக்காரர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் சத்தமாகப் பேசும்படி கேட்டுக்கொண்டார். எழுந்து நின்றேன். (ஆமாம், எழுந்து நின்றேன். சாக்பீஸ் இருந்திருந்தால் சுவரில் படம் போட்டிருப்பேன்.)

"இத எல்லாரும் சொல்லுவாங்களேண்ணே" என்றான் குமரேசன்.

"அங்கதான் விஷயமே இருக்கு தம்பி. வெறும் ரூல் சொன்னா எடுபடாது. சொந்த அனுபவத்தோட சேத்துச் சொல்லணும். இப்ப உதாரணத்துக்கு..."

உதாரணத்துக்கு என்று ஆரம்பித்துப் பட்டறைக் கதை முழுவதையும் சொன்னேன். ஐப்பசி மழை, நழுவிய தார்ப்பாய், தலையில் கை வைத்த அப்பா, அம்மாவின் மூக்கு வரை எதையும் விடவில்லை.  முடித்தபோது ஒருவர் மூக்கை உறிஞ்சினார். கிளார்க்கே கதவைத் திறக்க மறந்து நின்றார். அந்த நிமிடம் எனக்கு வேலை கிடைத்துவிட்டது போலவே ஒரு மிதப்பு. அது கிடைக்காமல் போவதற்கான ஏற்பாடுகளை என் வாயாலேயே செய்து முடித்திருந்தேன் என்பது மட்டும் தெரியவில்லை.

குமரேசன் முதலில் உள்ளே போனான். போய் ரொம்ப நேரம் கழித்து முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தான். "அண்ணே, பெரிய சார் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாருண்ணே!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினான். கண்ணாடியை எதற்குத் துடைத்தார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்து நான் போயிருக்க வேண்டும். ஆனால் என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை அனுப்பினேன். அடுத்தவர் தூரத்துக்குப் போக வேண்டும் என்றார். அவரையும் அனுப்பினேன். இப்படி ஒவ்வொருவருக்கும் வழிவிட்டு நான் அறையின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தேன். உள்ளே போகும் முன் ஒவ்வொருவரும் என்னிடம் ஏதாவது கேட்டுப் போனார்கள். "அண்ணே, கூடையா, மொறமா?" என்றான் ஒருவன். "கூடை" என்றேன். "ஐப்பசியா, கார்த்திகையா?" என்றான் இன்னொருவன். "ஐப்பசி" என்றேன். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்திருந்த ஹாரூன் என்ற பையன் தன் அப்பாவைப் பற்றி ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

"அண்ணே, எங்க அத்தா ஷார்ஜாவுல இருக்காங்க. பரவாயில்லியா?"

எதற்குப் பரவாயில்லையா என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்ல, தைரியமா போங்க" என்று முதுகில் தட்டி அனுப்பினேன். படிக்கிற பிள்ளைகளுக்கு விவரங்களில் இவ்வளவு ஆர்வமா என்று பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்த முதுகில் தட்டிய கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கடைசியில் என் முறை வந்தது. உள்ளே பெரிய சார் ஒருவரும் மேடம் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் வெகுதூரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். பெரிய சார் கேள்வியைக் கேட்டார். துரை அண்ணன் சொன்ன அதே கேள்வி. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"சார், ஒரு வருஷம் ஐப்பசி அடைமழை. எங்க அப்பாவோட வெங்காயப் பட்டறை..."

பெரிய சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"தார்ப்பாய் நழுவிடுச்சா?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. எப்பேர்ப்பட்ட அனுபவசாலி! "ஆமாங்க சார்!"

"அம்மா கூடை கூடையா மோந்து பாத்தாங்களா?"

"ஆமாங்க சார்! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலையிலேருந்து மோந்துக்கிட்டே இருக்காங்க தம்பி" என்றார் அவர்.

மேடம் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "இன்னிக்கு வந்த எல்லார் வூட்டுலயும் பட்டறை இருக்கு. எல்லாப் பட்டறையும் நனைஞ்சிருக்கு. ஒருத்தரோட அத்தா ஷார்ஜாவுல இருக்காரு, அங்கயும் ஐப்பசி மழை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.  சொந்த அனுபவம் சொல்லுங்கள் என்று நான் கற்றுக்கொடுத்ததற்கு என் சொந்த அனுபவத்தையே ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் போயிருக்கிறார்கள்!

"சார், அது என் கதைங்க சார். நெஜமாவே எங்க அம்மாதான் சார்."

"எல்லாருமே நெஜம்னுதான் சொன்னாங்க."

"வெளியில நான்தான் சார் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்!"

"ஏன் சொல்லிக் குடுத்தீங்க?" என்றார் பெரிய சார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார்.  அதை இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நின்ற இடத்தில் அழுகை வந்துவிடும் போலிருந்தது. அப்பா, ஒண்ணாந்தேதி சம்பளம், கலை கல்யாணம் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. கடைசி முயற்சியாகச் செல்போனை எடுத்தேன். "எங்க அம்மாகிட்டயே கேளுங்க சார்" என்று சொல்லி, அவர் தடுப்பதற்குள் வீட்டுக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டேன்.

"அம்மா, ஃபேக்டரி ஆபீஸ்லேருந்து பேசறேன். அந்த வருஷம் ஐப்பசியில நம்ம பட்டறை நனைஞ்சுதே, நீ மோந்து பாத்தியே. சார்கிட்ட சொல்லு."

 அம்மாவின் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது.

"யாரு சொன்னது? நம்ம பட்டறை நனைஞ்சதே கெடையாது! யாருடா அங்க கேக்குறது, யாவாரியா?"

ஃபோன் வைக்கப்பட்டது.

வெங்காய வீட்டில் பிறந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பட்டறை நனைந்ததை எங்கள் பக்கம் யாரும் வெளியில் மூச்சு விட மாட்டார்கள். அந்தச் சேதி வியாபாரி காதுக்குப் போய்விட்டால், அந்த வீட்டு வெங்காயம் என்றாலே முகத்தைச் சுளித்து விலையைக் குறைப்பார்கள். பக்கத்துக் காட்டுக்காரருக்குக்கூடத் தெரியாமல் காத்த ரகசியத்தை நான் அரியலூரில் ஊருக்கே கூட்டம் போட்டுச் சொல்லியிருக்கிறேன். அம்மாவாவது ஒப்புக்கொள்வதாவது!

பெரிய சார் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். கட்டிப்பிடிக்கவில்லை. "போயிட்டு வாங்க தம்பி" என்றார்.

அந்த பஸ் பயணத்தை நான் மறக்க நினைக்கிறேன், முடியவில்லை. சிமெண்ட் லாரிகள் வரிசையாக எதிரில் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் நான் அடுக்கி வைத்திருக்க வேண்டிய மூட்டைகள். முன்சீட்டுக் கம்பியில் தலையைச் சாய்த்து அழுதேன். முதலில் வந்தது முதலில் வெளியே போக வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்திவிட்டு, முதல் ஆட்களில் ஒருவனாக வந்த நான் கடைசிவரை உள்ளேயே தங்கிக் கட்டி தட்டிப் போயிருந்தேன்.

வாலிகண்டபுரம் ஸ்டாப்பில் அப்பா நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

"சொல்லிக் குடுத்தியா?"

"ஆமாப்பா."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முன்னால் நடந்தார். வீட்டுக்கு வந்ததும் நேரே பட்டறைக்குப் போய், நன்றாகவே கட்டியிருந்த தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டினார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றது என் வாழ்க்கையிலேயே மோசமான நேரம். அம்மாவுக்கு வேலை போனது பெரிதாகத் தெரியவில்லை. "வெளியாளுங்ககிட்ட போயி பட்டறை நனைஞ்சுதுன்னு சொன்னியேடா" என்று அவள் அந்த வாரம் முழுக்கப் புலம்பினாள்.

கொஞ்ச நாள் கழித்து வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. குமரேசன்! கையில் இனிப்பு டப்பா. வேலை அவனுக்குத்தான் கிடைத்திருந்தது. முதல் ஆளாகப் போய்க் கதையைச் சொன்னவன் அவன்தானே. அவன் சொன்னபோது அது கதை, மற்றவர்கள் சொன்னபோது காப்பி. துரை அண்ணனிடம் விசாரித்து என் வீட்டைக் கண்டுபிடித்து, நன்றி சொல்ல வந்திருந்தான்.

"நீங்க சொல்லிக் குடுக்கலன்னா எனக்கு இந்த வாழ்க்கையே இல்லண்ணே" என்றான். எனக்கு அவன் கழுத்தைப் பிடிப்பதா காலில் விழுவதா என்று தெரியவில்லை. அதற்குள் அப்பா நாற்காலி எடுத்துப் போட்டிருந்தார். சிமெண்ட் ஃபேக்டரி, ஸ்டோர்ஸ், ஒண்ணாந்தேதி சம்பளம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கலை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்து முடித்து இன்னொரு சொம்பு கேட்டான்.

மறு வருஷம் கலைக்கும் அவனுக்கும் கல்யாணம். பந்தலில் நின்று அப்பா வந்தவர்களிடமெல்லாம் நிமிர்ந்து நின்று சொன்னார்: "சிமெண்டு ஃபேக்டரியில நம்ம புள்ள ஒண்ணு இருக்கு." அவர் ஆசைப்பட்டது அப்படியே நடந்துவிட்டது. பிள்ளைதான் வேறு. ("பையன் என்ன பண்றாரு?" என்று யாரோ கேட்டதற்கு, "அவந்தான் மாப்பிள்ளைக்கு வேலை வாங்கிக் குடுத்தான்" என்றார். அதுவும் பொய்யில்லை.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால், "தார்ப்பாயை இழுத்துக் கட்டு" என்பார்கள். வாயை மூடு என்று அர்த்தம். என் மனைவிக்குக் கல்யாணமான மறுநாளே இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அவள் என்னைவிட நன்றாகக் கற்றுக்கொள்கிறவள்.

போன பொங்கலுக்குக் கலை குடும்பத்தோடு வந்திருந்தாள். எல்லாரும் இலை போட்டு உட்கார்ந்திருந்தோம். கலையின் மகள் யாழினி என் பக்கத்தில். பள்ளிக்கூடத்தில் மேடையேறிக் கதை சொல்லிப் பரிசு வாங்கினாளாம். என்ன கதை என்று கேட்டேன்.

"எங்க அப்பா கதை மாமா. அப்பா சின்னப் புள்ளையா இருக்கறப்ப ஐப்பசி மழையில பட்டறை நனைஞ்சிடுச்சாம். எங்க அப்பத்தாதான் கூடை கூடையா மோந்து பாத்து வெங்காயத்தக் காப்பாத்துனாங்களாம்!"

எதிரில் குமரேசன் இலையை உற்றுப் பார்த்தார். அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நெல்லும் கடலையும்தான். ஆனால் ஃபேக்டரியில் இந்தக் கதையால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் பயிற்சியே இதுதானாம். பாவம், அவரால் இனி எங்கே திருப்பிக் கொடுக்க முடியும்?

நான் அம்மாவைப் பார்த்தேன். அந்த மூக்குக்குச் சொந்தக்காரி கையில் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். இப்போதாவது சொல்லுவாள், பேத்தியிடமாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஆமா கண்ணு. பாவம், ஒங்க அப்பத்தா ரொம்பக் கஷ்டப்பட்டாங்க" என்றாள் அம்மா, துளிகூடக் கூசாமல்.

யாழினி என் பக்கம் திரும்பினாள். "மாமா, ஒங்க வூட்டுப் பட்டறை எப்பவாச்சும் நனைஞ்சிருக்கா?"

எல்லாரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. ஐப்பசியும் கூடையும் தார்ப்பாயும் என் தொண்டை வரை வந்துவிட்டன.

"இல்லடா கண்ணு" என்றேன். "நம்ம பட்டறை நனைஞ்சதே கெடையாது."

தெரிந்த ஒன்றை என் வாழ்க்கையில் முதன்முதலாகச் சொல்லாமல் விட்டது அன்றைக்குத்தான். அம்மா என் இலையில் இன்னொரு கரண்டி வெங்காயச் சாம்பாரை ஊற்றினாள்.